கடிகாரங்களைச் செய்த இயந்திரங்கள்: அருங்காட்சியகத்தில் எதைப் பார்ப்பது?

கடிகார அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர், கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் பொற்கடிகாரங்களின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, அடுத்த கூடத்தில் வரிசையாக நிற்கும் கரிய இரும்பு இயந்திரங்களை நடந்தபடியே பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். அது அவர்கள் குற்றமன்று. முள்ளும் எண்ணும் இருந்தால் கடிகாரம் தன்னைத் தானே விளக்கிவிடும். பற்சக்கரம் வெட்டும் இயந்திரமோ, ஊரும் ஆண்டும் மட்டும் எழுதிய சிறு பலகையோடு நிற்கும்போது, என்ன செய்தது என்பதைச் சொல்லாமலே நிற்கிறது. பொறியியல் படிக்காத ஒருவரும் அதைப் புரிந்துகொள்ள முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: இந்த இயந்திரத்தின் துல்லியம் எங்கே இருக்கிறது? தொழிலாளியின் விரலிலா, துளையிட்ட தகட்டிலா, வேறு ஏதேனும் ஓர் உறுப்பிலா? அதைக் கண்டுபிடித்துவிட்டால் இயந்திரத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

துல்லியம் ஏன் இத்தனை பெரிய சிக்கல் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில், இங்குமங்கும் ஆடி நேரத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும். அதாவது நொடிக்கு 5 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள் என்பதால், கடிகாரம் நாளொன்றுக்கு 10 நொடி பிந்தினாலும் அதன் பிழை பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதல். அந்தச் சக்கரம் எந்த முனைகளின் மேல் சுழல்கிறதோ, அவற்றின் பருமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் அளவு. கடினமாக்கப்பட்ட எஃகில், வட்டம் பிசகாமல், கண்ணாடிபோல் வழவழப்பாக அந்த முனையைக் கடைந்தெடுக்க வேண்டும்.

பற்சக்கரங்களின் கணக்கு இன்னொரு பக்கம். நிமிட முள்ளைச் சுமக்கும் சக்கரம் மணிக்கு ஒரு முறை சுற்றுகிறது. நொடி முள்ளைச் சுமப்பது நிமிடத்துக்கு ஒரு முறை சுற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே 60 மடங்கு வேறுபாடு. 80 பற்கள் கொண்ட சக்கரம் 10 பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை ஓட்டினால் வேகம் 8 மடங்காகும். அந்தச் சிறு சக்கரத்தின் அச்சிலேயே பொருத்திய 75 பல் சக்கரம் இன்னொரு 10 பல் சக்கரத்தை ஓட்டினால் மேலும் 7.5 மடங்கு, 8 × 7.5 என்பது சரியாக 60. நொடி முள்ளின் அச்சிலுள்ள 80 பல் சக்கரம் அடுத்து ஓர் 8 பல் சக்கரத்தை ஓட்ட, அதன் அச்சில், விசையைச் சிறிது சிறிதாகப் பேலன்ஸ் சக்கரத்துக்கு விடுவிக்கும் 15 பல் விடுவிப்புச் சக்கரம் நிமிடத்துக்கு 10 முறை சுற்றும். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு அடி என்பதால் நிமிடத்துக்கு 300 அடி, மணிக்கு 18,000. எங்கோ ஒரு சக்கரத்தில் 75 பற்களுக்குப் பதிலாக 74 வெட்டிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துபோகும். எண்ணிக்கை சரியாக இருந்தும் பற்களின் இடைவெளி சீராக இல்லாவிட்டால், சக்கரம் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்து, விசை ஏறியும் இறங்கியும் வரும். கடிகாரம் ஓடும், ஆனால் நம்ப முடியாதபடி ஓடும்.

கையும் வில்லும்

கடிகாரக் கருவிகளில் மிக எளிமையானதாகத் தோன்றுவது, உள்ளங்கை அளவே உள்ள ஒரு கடைசல் கருவி. மேசைப் பிடியில் இறுக்கிய ஒரு சட்டம், அதில் எதிரெதிரே இரண்டு கூர்முனைகள், அவற்றுக்கு இடையே அச்சாகப் போகும் எஃகுக் கம்பி, கம்பியில் ஒரு குட்டிக் கப்பி. குதிரைமுடி பூட்டிய சிறிய வில்லின் நாணை அந்தக் கப்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கையால் வில்லை மேலும் கீழும் இழுக்க, கம்பி முன்னும் பின்னுமாகச் சுழலும். மத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் அதே அசைவுதான் இது. இரண்டுக்கும் கடைதல் என்ற ஒரே வினையைத் தமிழ் வைத்திருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. மறுகையில் உளி. வில் கீழிறங்கும்போது கம்பி உளியை நோக்கிச் சுழல்வதால் அப்போது மட்டும் வெட்ட வேண்டும்; மேலேறும்போது உளியை மயிரிழை அளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் இதை எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

எளிமையாகத் தோன்றும் இந்தக் கருவிக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மோட்டாரில் ஓடும் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடித்திருக்கும் தலையும் சேர்ந்து சுழலும். அந்தத் தலையின் தாங்கியில் சிறு தள்ளாட்டம் இருந்தாலும் அது செய்பொருளில் பதிந்துவிடும். வில் கடைசலிலோ கூர்முனைகள் இரண்டும் அசையாமல் நிற்கின்றன; கம்பி மட்டுமே அவற்றின் மேல் சுழல்கிறது. தள்ளாட்டம் புகுவதற்கான வழியே அடைபட்டுவிடுகிறது. ஆகவே மின்சாரம் வந்த பின்னரும், மிக நுண்ணிய அச்சு முனைகளுக்காகச் சில கைவினைஞர்கள் வில்லைக் கைவிடவில்லை. நம் கேள்விக்குத் திரும்பினால், இங்கே வட்டத்தின் துல்லியம் கருவியில் இருக்கிறது. பருமன், நீளம், வடிவம் ஆகியவற்றின் துல்லியம் முழுவதும் விரல்களில் இருக்கிறது.

எண்ணத் தெரிந்த தகடு

பற்களை ஒரு காலத்தில் கவராயத்தால் குறித்து, அரத்தால் ஒவ்வொன்றாக அராவி எடுத்தார்கள். ஒரு வட்டத்தைக் கையால் 80 பங்காகப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு காகிதத்தில் முயன்றாலே உணரலாம். ஒவ்வொரு பங்கிலும் நேரும் சிறு பிழை அடுத்ததன் மேல் ஏறிச் சேர்ந்து, கடைசிப் பல்லுக்கு வரும்போது இடம் போதாமல் போகும் அல்லது மிஞ்சும். இந்தத் தொல்லையைத் தீர்த்தது சக்கரம் வெட்டும் இயந்திரம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வாழ்ந்த அறிவியலர் ராபர்ட் ஹூக்கின் பெயரோடு சேர்த்து அதன் தொடக்கத்தைச் சொல்வது வழக்கம்.

பழைய கருவிகளில் என்னை எப்போதும் முதலில் இழுப்பது இந்த இயந்திரம்தான். அதன் அடியில் உண்கலம் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு பித்தளைத் தகடு கிடையாகக் கிடக்கும். தகட்டின் மேல் மையத்தைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகச் சின்னஞ்சிறு துளைகள். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் ஓர் எண் பொறித்திருக்கும். அந்த எண், அந்த வட்டத்தில் எத்தனை துளைகள் என்பதைச் சொல்கிறது. வெட்ட வேண்டிய சக்கரத்தைத் தகட்டின் அச்சிலேயே மேலே பொருத்துவார்கள். 80 பற்கள் வேண்டுமானால், ஊசிமுனை கொண்ட ஒரு கையை 80-ஆம் எண் வட்டத்தின் முதல் துளையில் இறக்கி, தகட்டை அசையாமல் நிறுத்தி, சுழலும் வெட்டியைக் கீழே கொண்டுவந்து ஒரு பள்ளம் வெட்டி, ஊசியை எடுத்து, தகட்டைத் திருப்பி, அடுத்த துளையில் இறக்குவார்கள். ஒரு துளை நகர்ந்தால் சக்கரம் 4.5 பாகை திரும்பும். 75-ஆம் எண் வட்டமாக இருந்தால் 4.8 பாகை. இடையில் எவராவது கூப்பிட்டுப் பேசினாலும் எண்ணிக்கை தவறாது. ஊசி எந்தத் துளையில் நிற்கிறதோ அதுதான் கணக்கு.

தகடு ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். தகட்டின் விட்டம் 30 சென்டிமீட்டர், வெட்டும் சக்கரத்தின் விட்டம் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் ஒரு துளை 0.3 மில்லிமீட்டர் விலகி விழுந்திருந்தாலும், மையத்துக்கு அருகிலுள்ள சிறு சக்கரத்தின் ஓரத்தில் அந்த விலகல் முப்பதில் ஒரு பங்காக, 0.01 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பெரிதாகச் செய்த வேலையின் பிழையைச் சிறிதாக்கி இறக்குவதுதான் இதன் சூட்சுமம். ஒருவர் ஒரு முறை பெரும் பொறுமையோடு தகட்டைப் பிரித்துத் துளையிட்டுவிட்டார் என்றால், அதன் பிறகு அந்தப் பொறுமை இல்லாத ஒருவரும் நல்ல சக்கரம் வெட்டலாம். விரலிலிருந்த துல்லியம் தகட்டுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அருங்காட்சியகத்தில் இத்தகைய தகட்டைக் கண்டால் தயவுசெய்து குனிந்து அந்த எண்களைப் படியுங்கள். அந்தப் பட்டறை எத்தகைய கடிகாரங்களைச் செய்தது என்பதை அந்த எண்கள் நேராகச் சொல்லும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஃப்யூசி வெட்டும் இயந்திரம். சுருட்டி வைத்த மெயின் ஸ்பிரிங் விரிய விரிய அதன் விசை குறையும். அதை ஈடுகட்ட, திருகுபோல் பள்ளம் ஓடும் ஒரு கூம்பில் மெல்லிய சங்கிலியைச் சுற்றி விசையைச் சமன்செய்தார்கள். அந்தக் கூம்புக்குத்தான் ஃப்யூசி என்று பெயர். கைப்பிடியைச் சுழற்றும்போது கூம்பும் சுழல வேண்டும், உளியும் அதே கணக்கில் பக்கவாட்டில் நகர வேண்டும். சுழற்சியையும் நகர்வையும் இப்படிப் பிணைக்கும் வழியைக் கடிகாரப் பட்டறைகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டன. தொழிற்சாலைகளின் திருகு வெட்டும் பெரிய லேத்கள் பரவியது அதன் பிறகுதான். பெரிய இயந்திரவியலின் பல அடிப்படைகள் இந்தச் சிறிய மேசைகளின் மேல் பழகப்பட்டவை என்பதை உலகம் போதுமான அளவு நினைவில் வைத்திருக்கவில்லை.

பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

பிரான்சின் போகூர் என்ற ஊரில் ஃபிரெடெரிக் ஜாப்பி, கடிகாரத்தின் அடிப்படை உறுப்புகளை வரிசையாகச் செய்யும் இயந்திரங்களை அமைத்து, 1799-இல் அவற்றுக்குக் காப்புரிமை பெற்றார். நீண்ட பயிற்சி இல்லாதவர்களும் அவற்றை இயக்கலாம் என்பதே அவற்றின் சிறப்பு. இன்று அவ்வூரில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெனீவாவில் ஜார்ஜ் ஒகுஸ்த் லெஷோ, வஷெரோன் கான்ஸ்டன்டின் நிறுவனத்துக்காக 1839-ஐ ஒட்டிப் பாண்டோகிராஃப் என்னும் நகலெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பெரிய மாதிரித் தகட்டின் துளைகளை ஒரு முனை தொட்டுக்கொண்டு செல்ல, இணைந்த சட்டங்களின் மறுமுனையில் அதே துளைகள் சிறிதாகக் கடிகாரத் தகட்டில் விழும். பெரிதிலிருந்து சிறிதுக்கு இறங்கும் பழைய சூட்சுமம்தான். இங்கே துல்லியம் மாதிரித் தகட்டில் குடியேறியிருக்கிறது. ஒரே மாதிரியிலிருந்து வரும் நூறு தகடுகளும் ஒன்றுபோல் இருந்தால், ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தலாம்.

உறுப்புகளை மாற்றிப் பொருத்துவதை முழுத் தொழிலாகவே ஆக்கியது அமெரிக்கா. துப்பாக்கிப் படைக்கலச் சாலையில் ஒரே அளவு உறுப்புகள் செய்யப்படுவதைப் பார்த்த ஏரன் டென்னிசன், கடிகாரத்தையும் அப்படிச் செய்யலாம் என்று துணிந்தார். 1850-இல் ராக்ஸ்பரியில் தொடங்கிய முயற்சி 1854-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தமுக்கு இடம்பெயர்ந்தது. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சியில் வால்தம் நிறுவனம் தன் தானியங்கித் திருகு இயந்திரத்தை வைத்தது. அதைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர், சுவிட்சர்லாந்தின் லாஞ்ஜின் நிறுவனத்தைச் சேர்ந்த ழாக் டாவிட். அமெரிக்கத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஊர் திரும்பிய அவர் எழுதிய அறிக்கை, சுவிஸ் தொழில் உடனே இயந்திரமயமாகாவிட்டால் பிழைக்காது என்று எச்சரித்தது. வால்தமின் இயந்திரங்களை இன்று அதே ஊரில், 19-ஆம் நூற்றாண்டின் பழைய நெசவாலைக் கட்டடத்திலுள்ள சார்லஸ் ரிவர் தொழில் அருங்காட்சியகத்தில் காணலாம்.

தானியங்கி இயந்திரத்தின் முன் நிற்கும்போது தேட வேண்டிய உறுப்பு கேம். அது வட்டமாக இல்லாத ஒரு வட்டத் தகடு: ஓரத்தில் மேடும் பள்ளமும் சரிவுமாக, ஏதோ கோணலாக வெட்டப்பட்டதுபோல் இருக்கும். ஆனால் அந்தக் கோணல் ஒவ்வொன்றும் கணக்கிட்டு வெட்டியது. தகடு மெல்லச் சுழல, அதன் ஓரத்தைத் தொட்டபடி இருக்கும் ஒரு நெம்புகோல் மேட்டில் ஏறும்போது உளி முன்னே செல்லும். பள்ளத்தில் இறங்கும்போது பின்வாங்கும். ஓரம் சமமாக இருக்கும் தூரம் வரை உளி அசையாமல் காத்திருக்கும். ஒரு கேம் உளிக்கு, ஒன்று மறை வெட்டும் கருவிக்கு, ஒன்று கம்பியை முன்னே தள்ளுவதற்கு. எல்லாம் ஒரே தண்டில் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி முடித்தால் ஒரு திருகு கீழே விழும். வில்லை இழுத்தவரின் கை எப்போது முன்னேறியது, எப்போது பின்வாங்கியது என்பதெல்லாம் இரும்பின் ஓரத்தில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்து வந்தது சுவிஸ் நகர்தலை லேத். 1870-களில் யாகோப் ஷ்வைட்சர் உருவாக்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த இது, மூத்தியே என்ற ஊரைத் தானியங்கி லேத்களின் தலைநகரமாக்கியது. அந்த ஊரில் இந்த லேத்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. மெல்லிய கம்பியை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு மறுமுனையில் உளியை அழுத்தினால் கம்பி வளைந்து விலகும், அளவு பிசகும். சாதாரண லேத்தில் கம்பி ஓரிடத்தில் நிற்க, உளி அதன் நீளத்தில் நகர்கிறது. நகர நகரப் பிடிமானத்திலிருந்து தொலைவு கூடுகிறது. இங்கோ உளி ஓரிடத்திலேயே நிற்கிறது. கம்பியைப் பிடித்திருக்கும் தலைதான் நகர்கிறது. உளிக்கு ஒட்டினாற்போல் உள்ள ஒரு துளையின் வழியாகக் கம்பி வெளியே வருவதால், வெட்டுப்படும் இடம் எப்போதும் பிடிமானத்தின் அருகிலேயே இருக்கும். கம்பிக்கு வளைய நேரமும் இல்லை, இடமும் இல்லை. இந்த ஒரு சிந்தனை எவ்வளவு ஆழமானது என்றால், எலும்பில் பொருத்தும் மருத்துவத் திருகுகள் போன்றவற்றை இன்று கணினி வழிச் செய்யும் இயந்திரங்களும் அதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன.

நேராக வெட்டுவதற்கே பாடுபடும் இந்தக் கூட்டத்தில், வேண்டுமென்றே தள்ளாடும் ஓர் இயந்திரமும் உண்டு. ரோஸ் என்ஜின் என்பது அதன் பெயர். அலை அலையான ஓரம் கொண்ட ஒரு தகடு அதன் தண்டில் இருக்கும். அது ஒரு தாங்கியை உரசிச் சுழல, தண்டு முழுவதும் இடவலமாக ஆடும். உளி அசையாமல் நிற்க, ஆடும் முகப்புத் தகட்டில் மலரிதழ்போல் கோடுகள் விழும். தொழிலாளி ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றி, மறுகை விரலால் உளியை மெல்ல அழுத்துவார். கோட்டின் பாதை தகட்டில் இருக்கிறது. அதன் ஆழம் விரலில் இருக்கிறது. அழுத்தம் சற்றுக் கூடினாலும் நூற்றுக்கணக்கான கோடுகளுக்கு நடுவே அந்த ஒரு கோடு பளிச்சென்று தெரியும். ஜெனீவாவில் 2001-இல் திறக்கப்பட்ட பட்டேக் ஃபிலிப் அருங்காட்சியகம் பழைய கடிகாரக் கருவிகளையும் வேலை மேசைகளையும் சேர்த்தே காட்டுகிறது. அங்கே செல்பவர்கள் மேல்தளங்களுக்கு அவசரப்படாமல் அவற்றின் முன் சற்று நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இயந்திரத்தைக் காப்பது எப்படி?

இயந்திரத்தைக் காப்பாற்றுவது கடிகாரத்தைக் காப்பாற்றுவதைவிடக் கடினம். எடை மிகுதி, இடம் தேவை, துரு ஓயாத பகை. இவற்றைவிடப் பெரிய கேள்வி, அதை ஓட்டிக் காட்டலாமா என்பது. ஓடினால்தான் பார்ப்பவருக்குப் புரியும், ஓடினால் தேயும். தேய்ந்த தாங்கியை மாற்றினால் இயந்திரம் வாழும், ஆனால் பழைய தொழிலாளி தன் கையால் செய்திருந்த திருத்தம் ஒன்று அந்தத் தாங்கியோடு போய்விடக்கூடும். பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைப்பதும் அப்படித்தான். பல்லாண்டு விரல் பட்டு வழவழப்பான இடம் எது என்பது அதோடு அழிந்துபோகும். ஒன்றை ஓட்டுவதற்கும், அதே வகையில் இன்னொன்றை அசையாமல் வைப்பதற்கும் வசதி இருந்தால் நன்று என்பது என் எண்ணம். இரண்டு கிடைக்காத இடத்தில், ஓடும் காட்சியைப் படம்பிடித்து அருகில் திரையிடுவது நேர்மையான வழி.

இன்னொரு கவனமும் தேவை. துளைத் தகடுகள் இல்லாத சக்கரம் வெட்டும் இயந்திரமும், கேம்கள் இல்லாத தானியங்கியும் வெறும் சட்டங்கள்தான். துல்லியம் எங்கே குடியிருந்ததோ, அந்த உறுப்பே பெரும்பாலும் கழற்றத்தக்க சிறு பொருளாக இருப்பதால், அதுவே முதலில் தொலைகிறது.

மொத்தமாகத் தொலைந்தவையும் உண்டு. ஜெர்மனியின் கிளாஸ்ஹூட்டே நகரில் 1845-இல் அடோல்ஃப் லாங்கே தொடங்கிவைத்த தொழில், இரண்டாம் உலகப் போரின் முடிவில் நிலைகுலைந்தது. அங்கிருந்த இயந்திரங்கள் போர் இழப்பீடாகக் கழற்றிச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்நகரின் பழைய கடிகாரப் பள்ளிக் கட்டடத்தில் 2008 முதல் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. சில இயந்திரங்கள் நாடு மாறி மறுவாழ்வும் பெற்றன: ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் நொடித்துப்போன டூபர்-ஹாம்ப்டன் தொழிற்சாலையின் இயந்திரங்களைச் சோவியத் அரசு விலைக்கு வாங்க, 1930-இல் மாஸ்கோவின் முதல் கடிகாரத் தொழிற்சாலை அவற்றைக் கொண்டே தொடங்கியது, பழைய தொழிலாளர்கள் சிலரும் கற்றுக்கொடுப்பதற்காகக் கடல் கடந்து சென்றார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் இயந்திரம் மட்டும் வந்தால் போதாது என்பதை வாங்கியவர்கள் அறிந்திருந்தார்கள்.

1970-களில் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவியபோது சுவிட்சர்லாந்திலும் பழைய இயந்திரங்கள் காயலான் இரும்பின் விலைக்குப் போயின. லா ஷோ-தெ-ஃபோன் நகரில் சர்வதேசக் கடிகார அருங்காட்சியகத்தின் இன்றைய கட்டடம் 1974-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ அந்தச் சரிவு தொடங்கிய அதே வேளையில். பக்கத்து ஊரான லெ லோக்லில், ஜெனித் நிறுவனம் 1969-இல் அறிமுகப்படுத்திய எல் ப்ரிமேரோ என்னும், தானே சாவி ஏறும் நிறுத்துக்கடிகார வகை இயந்திரப்பொறியின் தயாரிப்பை நிறுத்திவிடும்படி 1975-இல் அதன் அப்போதைய அமெரிக்க உரிமையாளர்கள் ஆணையிட்டார்கள்; கருவிகளையும் விற்றுவிட வேண்டும் என்பது முடிவு. அங்கே பணிபுரிந்த ஷார்ல் வெர்மோ அதற்கு மனம் ஒப்பவில்லை. உலோகத் தகட்டை அழுத்தி உறுப்புகளாக வெட்டும் ஏறத்தாழ 150 கருவிகளையும், கேம்களையும், வெட்டிகளையும் யாருக்கும் சொல்லாமல் சிறிது சிறிதாகத் தொழிற்சாலையின் பரணுக்கு ஏற்றி ஒரு சுவருக்குப் பின்னால் வைத்தார். வைத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடையாளச் சீட்டுக் கட்டி, உற்பத்தி எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 1984-இல் அந்த இயந்திரப்பொறியை மீண்டும் செய்ய நிறுவனம் முடிவெடுத்தபோது, பரணின் கதவைத் திறந்து, குறிப்பேட்டைப் பார்த்து, கேம்களை அவற்றுக்குரிய இடங்களில் மாட்டினார்கள்.